எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன்கள்: உள்ளே இருப்பது நியூட்ரான் விண்மீனா, கருந்துளையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானியல் கூட்டங்களில் கருந்துளை பற்றிப் பேசி முடித்ததும் யாராவது ஒருவர் எழுந்து கேட்பார்: "கண்ணுக்கே தெரியாத ஒன்றை அது இன்னதுதான் என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. இரண்டு நிமிடத்தில் பதில் சொன்னால் பாதி உண்மை விடுபட்டுப் போகும். அதனால் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே சற்று விரிவாக எழுதி வைக்கிறேன்.

எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன் என்றால் என்ன?

ஒன்றையொன்று சுற்றிவரும் ஒரு சோடி. அதில் ஒன்று சாதாரண விண்மீன். மற்றது செத்துச் சுருங்கிப்போன ஒரு விண்மீனின் மிச்சம். மிகச் சிறியது, மிகக் கனமானது. சாதாரண மீனிலிருந்து வாயு இழுபட்டு அந்தச் சிறுபொருளை நோக்கிப் போகிறது. நேராக விழாமல், சுழன்று சுழன்று ஒரு தட்டாகத் திரண்டு, உரசிச் சூடேறி, கோடிக்கணக்கான டிகிரியில் எக்ஸ் கதிரை வீசுகிறது.

1962 ஜூனில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலிருந்து கிளம்பிய ஏரோபீ ராக்கெட் ஒன்றுதான் இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி. ரிக்கார்டோ ஜக்கோனியின் குழு நிலவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்க்கத்தான் அதை அனுப்பியது. அகப்பட்டதோ விருச்சிகத்தில் இருந்த, யாரும் எதிர்பாராத ஒரு பேரொளி. அதற்கு ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 என்று பெயர் வைத்தார்கள். ஜக்கோனிக்கு 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது.

விழுகிற வாயுவுக்கு அவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

விழும் ஆழத்திலிருந்து. ஹைட்ரஜன் அணுக்கருச் சேர்க்கையில் எரிந்தால் அதன் நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகும். அதே வாயு, 10 முதல் 13 கிலோமீட்டர் ஆரமே உள்ள ஒரு நியூட்ரான் விண்மீனின் தரையில் வந்து மோதினால் 10 முதல் 20 சதவீதம் வரை வெளிப்படுகிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், வெடிப்புகளைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

உள்ளே என்னென்ன இருக்க வாய்ப்பு உண்டு?

மூன்றே மூன்று: வெண்குறு விண்மீன் (எரிந்து முடிந்து பூமி அளவுக்குச் சுருங்கியது), நியூட்ரான் விண்மீன் (அதைவிடச் சுருங்கி, பெரும்பாலும் நியூட்ரான்களால் ஆனது), கருந்துளை (ஒளிகூடத் தப்ப முடியாதது). இந்த வரிசையை வகுத்ததில் சென்னைக்கும் பங்கு உண்டு. மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கிலிருந்து வளர்ந்ததுதான் வெண்குறு மீனுக்கான நிறை வரம்பு. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் கனத்தால் வெண்குறு மீன் நிலைக்காது. 1999-ல் விண்ணுக்குப் போன சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கியது.

நியூட்ரான் விண்மீனுக்கும் அதுபோல ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அதற்கும் மேலே போனால் தாங்கிப் பிடிக்க நமக்குத் தெரிந்த விசை எதுவும் இல்லை.

வெண்குறு மீனை எப்படி ஒதுக்குவது?

பெரும்பாலும் எளிது. வெண்குறு மீன் பூமி அளவு பெரியது. அதன்மேல் விழும் வாயுவுக்குக் கிடைக்கும் ஆற்றல் நியூட்ரான் மீனில் கிடைப்பதைவிடப் பல நூறு மடங்கு குறைவு. எனவே எக்ஸ் கதிர்ப் பிரகாசம் மிக அதிகமாக இருந்தாலே வெண்குறு மீன் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

பிரகாசம் குறைந்த, மெதுவாகத் துடிக்கும் எக்ஸ் கதிர் மூலங்களில்தான் குழப்பம் வரும். அங்கே ஓர் அழகான வழி உண்டு. வாயு வந்து விழ விழ, சுழலும் பொருள் மெல்ல வேகமெடுக்கும். நியூட்ரான் மீன் சிறியது என்பதால் அதைச் சுழற்றிவிடுவது சுலபம். வெண்குறு மீனின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் தன்மை, அதைப்போல் சுமார் ஒரு லட்சம் மடங்கு. அதன் சுழற்சி அவ்வளவு லேசில் அசையாது. ஆகவே துடிப்பின் காலம் சில ஆண்டுகளிலேயே கண்கூடாக மாறினால் உள்ளே இருப்பது நியூட்ரான் மீன்தான்.

எதைப் பார்த்தால் சந்தேகமே இல்லாமல் "நியூட்ரான் விண்மீன்" எனலாம்?

இரண்டு அடையாளங்கள். முதலாவது, சீரான துடிப்பு.

1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கரையை ஒட்டிய கடல் மேடையிலிருந்து ஓர் எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அன்று கென்யாவின் விடுதலை நாள். அதனால் சுவாஹிலி மொழியில் விடுதலை என்று பொருள்படும் "உஹுரு" என்ற பெயர் அதற்கு. அந்த உஹுரு, சென்டாரஸ் எக்ஸ்-3 என்ற மூலம் 4.8 நொடிக்கு ஒரு முறை துடிப்பதைக் கண்டது. அந்தத் துடிப்பு 2.1 நாளுக்கு ஒரு முறை முந்தியும் பிந்தியும் வந்தது. அதாவது துடிப்பது இன்னொரு மீனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரே வீச்சில் இரட்டை மீன் என்பதும் உறுதி, உள்ளிருப்பது யார் என்பதும் உறுதி.

துடிப்பு வருவதற்குப் பொருளுக்கு ஒரு தரை வேண்டும், அதில் ஊன்றிய காந்தப்புலமும் வேண்டும். காந்தப்புலம் வாயுவைத் துருவங்களுக்கு இழுத்துச் செல்கிறது. துருவம் சூடாகி ஒளிர்கிறது. மீன் சுழலும்போது கலங்கரை விளக்கம்போல நம் பக்கம் வந்து வந்து போகிறது. கருந்துளைக்குத் தரை கிடையாது. சொந்தமாக ஊன்றி நிற்கும் காந்தத் துருவமும் கிடையாது. சீராகத் துடிக்க அதனால் முடியாது.

ஹெர்குலிஸ் எக்ஸ்-1 போன்ற துடிக்கும் மூலங்களின் நிறமாலையில் (ஆற்றல்வாரியாகப் பிரித்த ஒளியில்) இன்னொரு சான்றும் உண்டு. சில பத்து கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒரு பள்ளம் விழுகிறது. வலுவான காந்தப்புலத்தில் எலக்ட்ரான்கள் சுழல்வதால் வரும் சைக்ளோட்ரான் கோடு அது. காந்தப்புலத்தின் வலுவை அதிலிருந்து நேரடியாகவே படிக்கலாம்.

இரண்டாவது அடையாளம்?

அணுக்கரு வெடிப்பு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஒரு வெடிப்பின் ஒளி வளைவை விரித்துப் பாருங்கள். மணிக்கணக்காக ஏறக்குறைய தட்டையாக ஓடுகிற கோடு. திடீரென்று ஒரு நொடிக்குள் பத்து மடங்கு எகிறுகிறது. பிறகு அடுப்பை அணைத்த தோசைக்கல் ஆறுவதுபோலப் பத்து நொடியிலிருந்து ஒரு நிமிடம் வரை மெதுவாக இறங்கி, பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. ஏறும்போது எல்லா ஆற்றல்களிலும் ஒன்றாக ஏறுகிறது. இறங்கும்போது மட்டும் உயர் ஆற்றல் கதிர் முதலில் அடங்குகிறது, குறைந்த ஆற்றல் கதிர் பின்தங்கி அடங்குகிறது. ஒரு சூடான பரப்பு ஆறிக்கொண்டிருப்பதற்கு இதைவிடத் தெளிவான கையெழுத்து வேண்டுமா? வெப்பநிலையையும் பிரகாசத்தையும் தூரத்தையும் வைத்து அந்தப் பரப்பின் ஆரத்தைக் கணக்கிட்டால் சுமார் 10 கிலோமீட்டர் வருகிறது.

1975-ல் நெதர்லாந்தின் செயற்கைக்கோள், என்ஜிசி 6624 என்ற உருண்டையான விண்மீன் கொத்திலுள்ள 4யு 1820-30 என்ற மூலத்தில் இதைக் கண்டது. தரையில் மணிக்கணக்காகச் சேரும் ஹைட்ரஜனும் ஹீலியமும் ஒரு கட்டத்தில் மொத்தமாகப் பற்றிக்கொள்கின்றன. இது அணுக்கரு எரிப்புதான் என்று எப்படித் தெரியும்? மேலே சொன்ன 0.7 சதவீதத்தையும் 20 சதவீதத்தையும் எடுங்கள். வெடிப்புகளுக்கு இடையே அமைதியாக வெளிவரும் மொத்த ஆற்றல் வெடிப்பில் வருவதைப்போல் பல பத்து மடங்கு இருக்க வேண்டும். அளந்தால் அப்படியேதான் இருக்கிறது.

கருந்துளை என்று நிறையால் உறுதியான எந்த மூலத்திலும் இத்தகைய வெடிப்பு இதுவரை காணப்பட்டதில்லை. பொருள் சேர்ந்து கிடக்கத் தரை இருந்தால்தானே பற்றிக்கொள்ளும்!

துடிப்பும் இல்லை, வெடிப்பும் இல்லை. அப்படியானால் கருந்துளை என்று சொல்லிவிடலாமா?

கூடாது. இந்தத் துறையில் அதிகம் நடந்த தவறு இதுதான். அதனால் சற்று நிதானமாகவே சொல்கிறேன்.

நியூட்ரான் மீனின் அடையாளம் கண்ணில் பட்டால் வழக்கு முடிந்தது. படவில்லை என்றால் வழக்கு திறந்தே இருக்கிறது. எடை குறைந்த துணையோடு சுற்றும் நியூட்ரான் மீன்களில் பெரும்பாலானவை சீராகத் துடிப்பதில்லை. அவற்றின் காந்தப்புலம் தேய்ந்துபோயிருக்கும். ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 நியூட்ரான் மீன் என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அதிலேயே துடிப்பு கிடைக்கவில்லை. கனமான துணையிடமிருந்து பொருள் பெறும் வலுத்த காந்தப்புல மீன்களில் வெடிப்பு வருவதில்லை. எனவே இல்லாமையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

சர்சினஸ் எக்ஸ்-1 நல்ல உதாரணம். அதன் எக்ஸ் கதிர் ஆயிரத்தில் சில பங்கு நொடிக்குள்ளே படபடவென்று மினுக்கியது. கருந்துளை என்று கருதப்பட்ட சிக்னஸ் எக்ஸ்-1-ம் அப்படித்தான் மினுக்கும். அதனால் இதுவும் கருந்துளையாக இருக்கலாம் என்று பத்தாண்டுக்கு மேல் பட்டியலில் வைத்திருந்தார்கள். 1980-களின் நடுவில் ஐரோப்பாவின் எக்ஸோசாட் செயற்கைக்கோள், அதிலிருந்து அணுக்கரு வெடிப்புகள் வருவதைப் பதிவு செய்தது. நடை ஒன்றுபோல் இருந்தாலும் ஆள் வேறு. வி0332+53 என்ற மூலத்திலும் இதே கதைதான். அதுவும் சிக்னஸ் எக்ஸ்-1 போல மினுக்கியது, பிறகு 4.4 நொடித் துடிப்பு அகப்பட்டது.

அப்படியென்றால் கருந்துளையை எப்படித்தான் உறுதி செய்வது?

எடை போட வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

நாம் பார்ப்பது துணை விண்மீனை. அது மறைபொருளைச் சுற்றும்போது ஒரு பாதிச் சுற்றில் நம்மை நோக்கி வரும், மறு பாதியில் விலகிப் போகும். அதன் நிறமாலைக் கோடுகள் டாப்ளர் விளைவால் நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் மாறி மாறி நகரும். அதிலிருந்து வேகமும் சுற்றுக்காலமும் கிடைக்கும். இந்த இரண்டு எண்களே போதும், மறைபொருளின் நிறைக்குக் குறைந்தபட்ச எல்லை ஒன்று வந்துவிடும். அதற்கு நிறைச் சார்பு என்று பெயர்.

கணக்கு கோடியில் வருவதால் நம் ஊர்க்காரர்களுக்கு வசதி. வேகத்தை நொடிக்குக் கிலோமீட்டரில் எடுத்து மும்மடியாக்குங்கள். நாள் கணக்கிலான சுற்றுக்காலத்தால் பெருக்குங்கள். ஒரு கோடியால் வகுத்து, விடையோடு 3.6 சதவீதம் கூட்டுங்கள். வருவது சூரிய நிறையில் இருக்கும்.

வி404 சிக்னி என்ற மூலத்துக்குப் போட்டுப் பார்ப்போம். துணையின் வேகம் 208.5, மும்மடி சுமார் 90.6 லட்சம். சுற்றுக்காலம் 6.47 நாள், பெருக்கினால் சுமார் 5.86 கோடி. ஒரு கோடியால் வகுத்தால் 5.86. கொஞ்சம் கூட்டினால் 6.08.

இது மறைபொருளின் நிறையே அல்ல, அதற்கான தரைமட்டம். துணைக்கு எடையே இல்லை, சுற்றுப்பாதையை நாம் பக்கவாட்டில் நேராகப் பார்க்கிறோம் என்று வைத்தால்தான் 6.08 வரும். துணைக்கு எடை கொடுத்தாலும், பாதையைச் சாய்த்தாலும் எண் மேலேதான் ஏறும். கீழே இறங்க வழியே இல்லை. 1992-ல் இதன் முதல் அளவீடு வெளிவந்தபோது வாதம் செய்யப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. பின்னால் வந்த அளவீடுகள் அதன் நிறை சுமார் 9 சூரிய நிறை என்கின்றன.

எந்த எண்ணைத் தாண்டினால் கருந்துளை?

பொதுவாக 3 சூரிய நிறை. நியூட்ரான் மீனுக்குள் பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பது முழுதாகத் தெரியாத நிலையிலும், ஒலி ஒளியைவிட வேகமாகப் போகக்கூடாது, பொதுச் சார்பியல் சரி என்ற இரண்டை மட்டும் நம்பிப் போட்ட கணக்கில் 1974-ல் 3.2 என்று வந்தது. துல்லியமாக அளந்தவற்றில் மிகக் கனமான நியூட்ரான் மீன்கள் 2-ஐச் சற்றே தாண்டுகின்றன. 3 என்பது தாராளமாக விட்ட வரம்பு.

சிக்னஸ் எக்ஸ்-1 முதல் கருந்துளை என்கிறார்கள். பிறகு ஏன் இருபது வருடம் சந்தேகப்பட்டார்கள்?

அதன் நிறைச் சார்பைப் போட்டுப் பாருங்கள், தெரியும். துணை மீனின் பெயர் ஹெச்டிஇ 226868. நீல நிறப் பெருமீன். வேகம் சுமார் 75, சுற்றுக்காலம் 5.6 நாள். 75-ன் மும்மடி 4.2 லட்சம், 5.6-ஆல் பெருக்கினால் 23.6 லட்சம், கோடியால் வகுத்தால் 0.24. கால் சூரியன்கூட இல்லை!

துணை மிகக் கனமாக இருப்பதால் அது மெதுவாகத்தான் அசைகிறது. ஆகவே எல்லாம் துணையின் எடையைப் பொறுத்தது. துணை 20 சூரிய நிறை என்றால் மறைபொருள் குறைந்தது 5. துணை 1 சூரிய நிறைதான் என்றால் மறைபொருளும் 1 இருந்தாலே போதும், கருந்துளை தேவையில்லை.

1971-ல் அந்த இடத்தில் புதிதாக ஒரு ரேடியோ மூலம் எழுந்ததால்தான் இந்த மீன் அடையாளம் காணப்பட்டது. இங்கிலாந்தில் லூயிஸ் வெப்ஸ்டரும் பால் மர்டினும், கனடாவில் டாம் போல்டனும் தனித்தனியே 5.6 நாள் சுற்றைக் கண்டார்கள். உடனே எதிர்ப்பும் வந்தது. இது பார்வைக்குப் பெருமீன்போல் இருக்கும் எடை குறைந்த மீனாக இருந்தால் என்ன, மூன்றாவது மீன் ஒன்று ஒளிந்திருந்தால் என்ன என்று கேட்டார்கள். நல்ல கேள்விகள். இடையிலுள்ள தூசி அந்த மீனின் ஒளியை எவ்வளவு சிவக்கச் செய்கிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணித்து, இவ்வளவு தூரத்தில் இவ்வளவு ஒளிர வேண்டுமென்றால் மீன் பெரியதாகவே இருக்க வேண்டும் என்று காட்டினார்கள். சந்தேகங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. 1974-ல் இது கருந்துளை இல்லை என்று இயற்பியலாளர் கிப் தோர்னிடம் பந்தயம் கட்டிய ஸ்டீபன் ஹாக்கிங், 1990-ல்தான் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

2021-ல் ரேடியோ தொலைநோக்கி வலையமைப்பு ஒன்றால் தூரத்தைச் சுமார் 7,200 ஒளியாண்டு என்று அளந்து, நிறை சுமார் 21 சூரிய நிறை என்றார்கள். அதற்கு முந்தைய மதிப்பு சுமார் 15. இரண்டில் எது நின்றாலும் 3-லிருந்து வெகுதூரம்.

பாதையின் சாய்வை எப்படி அறிவது?

பொருள் இழுபடும் துணை மீன் உருண்டையாக இருக்காது. மறைபொருளின் பக்கம் நீண்டு, சொட்டப்போகும் தண்ணீர்த் துளிபோல இருக்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது பெரிதாகவும், முனையிலிருந்து பார்க்கும்போது சிறிதாகவும் தெரியும். ஒரு சுற்றில் அதன் ஒளி இரண்டு முறை ஏறி இறங்கும். நாம் மேலிருந்து பார்த்தால் இந்த ஏற்ற இறக்கம் மறைந்துவிடும், பக்கத்திலிருந்து பார்த்தால் அதிகமாகும். எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதிலிருந்து சாய்வைப் பிடிக்கலாம். எக்ஸ் கதிர் பொங்கி அடங்கி (இது தட்டில் வருவது, அணுக்கரு வெடிப்பு அல்ல), தட்டின் ஒளி மங்கிய அமைதிக் காலத்தில்தான் இந்த வேலை சரியாக வரும். ஏ0620-00 இப்படித்தான் பிடிபட்டது. 1975-ல் பொங்கியது, அடங்கிய பின் துணை மீனை அளந்து, 1986-ல் 3 சூரிய நிறைக்கு மேல் நிறைச் சார்பு என்று வெளியிட்டார்கள். பிந்தைய அளவீடுகளில் அந்த எண் 3-க்குச் சற்றுக் கீழே வந்தது. ஆனால் துணையின் எடையையும் சாய்வையும் சேர்த்தால் மறைபொருள் 6-ஐத் தாண்டுகிறது.

அளந்த எண்ணே தவறாகப் போகுமா?

போகும். ஜிஎக்ஸ் 339-4 என்ற புகழ்பெற்ற மூலத்தில் துணை மீன் மிக மங்கல். 2002-ல் அது பொங்கிய நேரத்தில், துணையின் சூடேறிய முகத்திலிருந்து வந்த ஒளிர்கோடுகளை வைத்து அளந்தபோது நிறைச் சார்பு 5.8 என்று வந்தது. 2017-ல் துணையின் சொந்தக் கோடுகளையே பிடித்து அளந்தார்கள், 1.9 ஆகிவிட்டது. தரைமட்டம் வெகுவாக இறங்கிவிட்டது. அது கருந்துளைதான் என்று நடத்தையை வைத்துப் பெரும்பாலோர் கருதுகிறார்கள், நானும் கருதுகிறேன். ஆனால் வி404 சிக்னிக்கு உள்ள அதே உறுதியோடு அதைச் சொல்ல மாட்டேன்.

நிறமாலையையோ ரேடியோவையோ பார்த்துச் சொல்ல முடியாதா?

சந்தேகப்பட்டியல் போட அவை நன்றாக உதவும். நியூட்ரான் மீனில் தட்டின் ஒளியோடு தரையின் ஒளியும் சேர்ந்து வரும். கருந்துளையில் அது இருக்காது. ஒரே எக்ஸ் கதிர்ப் பிரகாசத்தில் கருந்துளைகள் சராசரியாக ஏறத்தாழ 20 மடங்கு ரேடியோ ஒளி அதிகம் தருகின்றன. புதிதாக ஒரு மூலம் பொங்கினால் முதல் வாரத்தில் நாம் கையில் வைத்திருப்பது இவைதான். தீர்ப்புக்கு இவை போதாது.

தரை இல்லை என்பதையே நேரடியாகக் காட்டும் சான்று ஏதாவது உண்டா?

அருகில் வரும் ஒரு சான்று உண்டு. பொருள் மிகக் குறைவாக விழும் அமைதிக் காலத்தில், விழும் வாயு வெப்பத்தைக் கதிராக வெளியிடாமல் தன்னோடு சுமந்துகொண்டே உள்ளே போகும். தரை இருந்தால் மோதியதும் அந்த வெப்பம் வெளியே வந்தாக வேண்டும். தரை இல்லாவிட்டால் நிகழ்வு எல்லை எனப்படும் கருந்துளையின் விளிம்பைத் தாண்டி அப்படியே மறைந்துபோகும். எனவே அமைதியில் கருந்துளைகள் நியூட்ரான் மீன்களைவிட மங்கலாக இருக்க வேண்டும். 1997-ல் ஹார்வர்டில் ரமேஷ் நாராயணும் உடன் ஆய்வு செய்தவர்களும் ஒரே மாதிரிச் சுற்றுக்காலம் கொண்ட மூலங்களை ஒப்பிட்டு, அப்படித்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். ஆற்றல் பீய்ச்சியடிக்கும் தாரைகளாக வெளியேறினாலும் இதே விளைவு வரலாம் என்ற மறுப்பும் இருக்கிறது. எனக்கு இந்த வாதத்தின் மேல் தனி மதிப்பு. எடையைப் பற்றிப் பேசாமல், "தரை இல்லை" என்பதையே அது தொடுகிறது.

மிக மிகப் பிரகாசமாக இருந்தால் அது பெரிய கருந்துளைதானே?

2014 வரை பெரும்பாலோர் அப்படித்தான் நம்பினார்கள். ஒரு பொருள் எவ்வளவு ஒளிர முடியும் என்பதற்கு எடிங்டன் வரம்பு உண்டு. எடை கூடினால் வரம்பும் கூடும். அதனால் மிகையாக ஒளிர்பவை கனமான கருந்துளைகளாக இருக்க வேண்டும் என்பது வாதம். சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தூரத்திலுள்ள எம்82 விண்மீன்திரளில் அப்படி ஒரு மூலத்தை நுஸ்டார் தொலைநோக்கி பார்த்தபோது, 1.37 நொடிக்கு ஒரு துடிப்பு தெரிந்தது. துடிக்கிறது என்றால் நியூட்ரான் மீன்! தன் வரம்பைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு துடிப்பு, பிரகாசத்தை வைத்து எழுதிய வாதங்களைக் கவிழ்த்துவிட்டது.

இந்தியாவில் இந்த வேலை நடக்கிறதா?

நடக்கிறது. 1996-ல் ஐஆர்எஸ்-பி3 செயற்கைக்கோளில் போன ஒரு சிறு எக்ஸ் கதிர்க் கருவியே ஜிஆர்எஸ் 1915+105 என்ற கருந்துளையின் ஓரளவு சீராக வரும் பொங்கல்களைப் பதிவு செய்தது. 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி30 ஏற்றிச் சென்ற ஆஸ்ட்ரோசாட், வேகமான மினுக்கல்களை ஆராயவே பெரிய பரப்புள்ள கருவியைச் சுமந்து சென்றது. 2024 ஜனவரி 1-ல் போன எக்ஸ்போசாட், எக்ஸ் கதிர் எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை அளக்கிறது.

இன்னும் தீராத வழக்குகள்?

4யு 1700-37. சுற்றுக்காலம் 3.4 நாள், துணை கனமான நீல மீன், மறைபொருள் 2 முதல் 2.5 சூரிய நிறை. உறுதியான துடிப்பு இல்லை, வெடிப்பும் இல்லை. மிகக் கனமான நியூட்ரான் மீனா, மிக லேசான கருந்துளையா? சிக்னஸ் எக்ஸ்-3-ம் அப்படித்தான். 4.8 மணிக்கொரு முறை சுற்றுகிறது. துணையிலிருந்து வீசும் அடர்ந்த காற்று எல்லாவற்றையும் மூடுகிறது.

வீட்டிலிருந்து ஏதாவது செய்து பார்க்க முடியுமா?

கருந்துளையின் துணையையே பார்க்கலாம். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இருட்டியதும் வடக்கே உயரத்தில் அன்னம் எனப்படும் சிக்னஸ் கூட்டம் தெரியும். அன்னத்தின் கழுத்தில் ஈட்டா சிக்னி என்ற மீனைப் பிடித்து, அதிலிருந்து அரை டிகிரி தள்ளித் தேடுங்கள். ஒன்பதாம் பிரகாச அளவில் ஹெச்டிஇ 226868 இருக்கும். சிறிய தொலைநோக்கி போதும்.

துடிப்பைப் பார்க்கவும் வழி உண்டு. நாசாவின் ஹீசார்க் தரவுக் காப்பகத்தில் ஹெர்குலிஸ் எக்ஸ்-1-ன் தரவு யாருக்கும் இலவசம். அந்த மூலம் 35 நாள் சுழற்சியில் ஒளிந்து ஒளிந்து வரும் என்பதால், ஒளிரும் நாட்களில் எடுத்ததையே எடுங்கள். நான் முதலில் ஒரு நாள் முழுவதற்குமான தரவை எடுத்து 1.24 நொடி 1.24 நொடியாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். வந்தது தட்டையான கோடு. மூலம் துணையைச் சுற்றும்போது அதன் ஒளி 13 நொடி முந்தியும் 13 நொடி பிந்தியும் வருகிறது; பத்துத் துடிப்புக்கு மேல் இடம் மாறிவிடுகிறது என்பதை நான் சேர்க்கவில்லை. 1.7 நாள் சுற்றுக்கு ஏற்ப ஒவ்வொரு ஒளித்துகளின் நேரத்தையும் திருத்திவிட்டு மறுபடி அடுக்கினேன். திரையின் நடுவில் ஒரு மேடும், அதன் தோளில் ஒரு சின்ன மேடும் எழுந்து நின்றன.